ஜெய்னப் கடை டீ கிளாஸ்

“குடிச்சிராதீய. சும்மா ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டு இரிங்க” என்று சொல்லி, வந்தவள் கையில் சூடான டீ கிளாஸைக் கொடுக்கிறாள் ஜெய்னப். வந்தவள் பூக்கட்டுகிறவள். வருடக்கணக்காக நூலை இழுத்து இழுத்து விரல் ரேகை தேய்ந்துபோனவள். ரேகை வைக்கும் கருவி அவளை மூன்று கடைகளில் திருப்பி அனுப்பியிருக்கிறது. அதில் ஒன்று என் கடை.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எதிரெதிரே இரண்டு ஆன்லைன் சென்டர்கள். என்னுடையதில் ஏசி, கண்ணாடிக் கதவு, புதுக் கருவி. ஜெய்னப்புடையதில் ஒரு மேசை, ஒரு ஜெராக்ஸ் மிஷின், வாசலில் ‘ஆதார், பென்ஷன், பட்டா’ என்று எழுதிய தகரப் பலகை. கூட்டம் அங்கே. என் கடைக்குள் வருகிறவர்களில் பாதிப்பேர், அவளிடம் முறை வரும்வரை ஏசியில் உட்கார வந்தவர்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஜெய்னப் கடையநல்லூரில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். வயது நாற்பத்தைந்து இருக்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடுவாள். பாஸ்வேர்டுகளைக் கிழித்த காலண்டர் தாளின் பின்புறம் எழுதி வைத்திருக்கிறாள். கம்ப்யூட்டர் சுற்றிக்கொண்டே நின்றால் திட்டமாட்டாள். “அதுவும் காலையிலருந்து வேல பாக்குதுல்லா” என்பாள். இப்படிப்பட்டவளிடம்தான் நான் தோற்கிறேன்.

விஷயம் டீயில்தான் என்று கண்டுபிடித்தேன். கை சூடானால் ரேகை எழும்பும்போல. மறுநாளே நானும் டீ வாங்கி வைத்தேன். வந்தவர்கள் குடித்துவிட்டுப் போனார்கள். “நல்லா அழுத்துங்க” என்று கத்தி, கட்டைவிரலையே பிடித்து அமுக்கினேன். கருவி சிவப்பு விளக்கைக் காட்டியது. எதிரே அவள், “அழுத்தாதீய, பூவத் தொடுத மாதிரி வைங்க” என்று பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். கடைசியில் மோதிர விரலோ சுண்டு விரலோ பச்சை காட்டிவிடும். அவள் சொன்னது என் காதிலும் விழத்தான் செய்தது. அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்வதா என்கிற வீம்பு எனக்கு.

நவம்பரில் என் அம்மா பார்வதியம்மாளுக்கு ஆயுள் சான்று எடுக்க வேண்டியிருந்தது. பென்ஷன் நிற்காமல் வர, உயிரோடிருப்பதை வருடத்துக்கு ஒருமுறை விரல் வைத்துக் காட்ட வேண்டும். மூன்று நாளாகியும் என் புதுக் கருவி அதை ஒப்புக்கொள்ளவில்லை.

“ஏலே குருநாதா, விரலு வலிக்கு. நாளையோட தேதி முடியுதுல்லா. நான் அந்தப் பிள்ளகிட்ட போறேனே” என்றாள் அம்மா.

“நீ அங்கன போனா நான் கடையப் பூட்டிருவேன்” என்றேன்.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரமே திரும்பினேன். ஜெய்னப் கடையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைக்குள்ளும் டீ கிளாஸ். பக்கத்து மிக்சர் கடை தாவீது தெருவில் நின்று, “என்ன வே, ஒங்கம்மையே அங்கன இருக்காவ?” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சிரித்தான். போகிறவர்கள் அம்மாவைப் பார்த்துவிட்டு என் கடைப் போர்டையும் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஜெய்னப் என்னைப் பார்த்தாள். எழுந்து வந்து, வாசலில் இருந்த தகரப் பலகையைத் தூக்கி, அம்மாவின் முகம் தெருவுக்குத் தெரியாதபடி நகர்த்தி வைத்தாள். பிறகுதான் கருவியை எடுத்தாள்.