காட்டூர் பட்டறையில் ஒரு மலிவு பிளாஸ்மா கட்டர்

பிளாஸ்மா கட்டர் வாங்கியவன் முதலில் வெட்டுவது இரும்பை இல்லை, பட்டறை கரண்டை. விசையை அழுத்தினேன், டப்பென்று எல்லாம் நின்றது. ஃபேன் நின்றது. கேட்டில் பாதி வெல்டிங் வைத்திருந்த எங்கள் பட்டறை வெல்டர் சாதிக் பாய் கையில் ராடோடு அப்படியே நின்றார். மலிவு மெஷின் வாங்கித் திட்டு வாங்கிய என் இனத்தாருக்கு அந்த நிமிஷம் எப்படி இருக்கும் என்று தெரியும்.

பொம்மை

ப்ளஸ் டூவோடு படிப்பு போதும் என்று மாமாவின் கேட், கிரில் பட்டறைக்கு வந்தவன் நான். மிச்சத் தகட்டில் மயில், மீன் என்று வெட்டிப் பார்க்கிற ஆசையில் என் சம்பளத்தில் ஆன்லைனில் வாங்கியது, கரண்டும் காற்றும் சேர்ந்து தகட்டை உருக்கி வெட்டுகிற இந்த மெஷின். வெல்டிங் ஓடுகிற லைனிலேயே இதையும் இதற்குக் காற்று தருகிற கம்ப்ரஸரையும் சொருகினால் எந்த பிரேக்கரும் தாங்காது. எந்த வீடியோவிலும் இதைச் சொல்லவில்லை.

தனி லைன் இழுத்துக்கொள்கிறேன் என்றேன். மாமா காதில் வாங்கவில்லை. கேஸ் கட்டரும் கிரைண்டரும் இருக்கும்போது இந்தப் பொம்மை எதற்கு என்று ஆரம்பித்து, என் மார்க் ஷீட் வரைக்கும் போய்விட்டு வந்தார். கடைசியில்:

"ஞாயித்துக்கிழமைதான் ரிட்டனுக்குக் கடைசி நாள். அதுக்குள்ள அனுப்பிரு. இல்லைன்னா பெட்டியில நீயும் ஏறிக்க."

காற்றில் தண்ணீர்

ஆனாலும் தனி லைன் இழுத்தேன். கரண்ட் பிரச்சினை தீர்ந்தது. வெட்டு மட்டும் கேவலம். விளிம்பெல்லாம் ரம்பப் பல். டார்ச் முனையில் இருக்கிற செப்பு டிப் அரை நாள் தாங்கவில்லை. இது வெட்டுகிறதா, எலி மாதிரி கொறிக்கிறதா என்று சாதிக் பாய் கேட்டார்.

குற்றம் மெஷின் மேல் இல்லை. கம்ப்ரஸரிலிருந்து வருகிற சூடான காற்றில் தண்ணீர் இருக்கிறது. அதுதான் டிப்பைத் தின்கிறது. பழைய ஏசியின் செப்புக் குழாயைச் சுருட்டி, தண்ணீர் வாளியில் முக்கி, காற்றை அதற்குள் விட்டேன். குளிர்ந்ததும் தண்ணீர் தனியாகப் பிரிந்தது. கடைசியில் ஒரு ஃபில்டர் மாட்டி அதை வடித்தேன். வாங்கப் போகிறவர்களே, பெட்டியில் போட்டிருக்கிற ஆம்பியரைப் பார்த்து வாயைப் பிளக்காதீர்கள், முதலில் காற்றைக் கவனியுங்கள்.

அடுத்த வெட்டின் விளிம்பில் பாய் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ். இதுக்கு கிரைண்டரே பிடிக்க வேணாம் தம்பி."

பாதம் இல்லாத நாமம்

ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த, பேங்கில் ரிட்டயர்டான ஒரு சார், வீட்டு கேட்டில் வைக்கத் தகட்டில் திருமண் நாமம் கேட்டிருந்தார். அது பிடித்தால் கேட்டும் இங்கேதான் என்று பேச்சு. கேஸில் வெட்டினால் மெல்லிய தகடு நெளியும். அதனால் மாமா வேண்டாவெறுப்பாக என்னிடம் தந்தார். இது சொதப்பினால் மெஷின் ஊர் திரும்பும் என்று எனக்கே தெரியும். போனில் முதலில் வந்த படத்தைப் பார்த்து அழகாக வெட்டி வைத்தேன்.

சனிக்கிழமை சார் வந்தார். பார்த்தார். முகம் மாறிவிட்டது. நான் வெட்டியது அடியில் வெறும் வளைவாக முடிகிற வடகலை நாமம். சார் குடும்பம் தென்கலை. அதற்கு மூக்கில் இறங்குகிற பாதம் வேண்டும். இதை மாட்டினால் கூடப் பிறந்த தம்பியே வீட்டுக்குள் வரமாட்டான் என்றார். மாமா என்னைப் பார்த்த பார்வையில் தகடே உருகியிருக்கும்.

புதுத் தகடு ஒன்றைக் கீழே போட்டு, சாக்பீஸை சார் கையில் கொடுத்தேன். அவரே வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்து, பாதத்தோடு வரைந்தார். அந்தக் கோட்டிலேயே டார்ச்சை ஓட்டினேன். பாய் வாங்கி வந்த டீயை சார் குடித்து முடிப்பதற்குள் திருமண் தகட்டிலிருந்து தனியாக வந்துவிட்டது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கேட்டையும் நீங்களே பண்ணிடுங்கோ என்றார், இதை எதில் வெட்டினீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"எல்லாம் நம்ம மெஷின்தான் சார்."

ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பச் சொன்னதை நான் அனுப்பவே இல்லை. இப்போது ஒரு மயில் வெட்ட வேண்டுமென்றாலும் மாமாவிடம் கேட்டுவிட்டுத்தான் அதைத் தொட வேண்டியிருக்கிறது.