கமலைச் சேலை

கிணற்றுநீர் இறைக்கும் கமலையில் பூட்டிய மாடுகள் மறுபடியும் பின்னோக்கி நடக்க மறுத்தன. இடத்து மாடு பக்கவாட்டில் முறுக்கியது. வடம் தளர்ந்து, மேலே வந்திருந்த தகரச் சால் கிணற்றுச் சுவரில் மோதிக் கீழே போனது.

“ஹை... ஹை...” அன்னக்கொடி குரலைக் கனமாக்கிக்கொண்டு அதட்டினாள். அவள் புருஷன் காசிமாயன் அப்படித்தான் அதட்டுவான்.

அடுத்த கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த ராக்கம்மாள் நிமிர்ந்தாள். “ஏ அன்னக்கொடி, ஆம்பளக் குரல்ல கத்துனா மாடு நம்பிருமாக்கும்? உன்னவிட அதுக்கு அறிவு சாஸ்தி.”

அன்னக்கொடிக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

காசிமாயன் மாசியில் காய்ச்சலில் படுத்தான். ஏழாம் நாள் போய்விட்டான். பதினாறாம் நாள் கொட்டாம்பட்டியிலிருந்து அவள் அண்ணன் வந்து வெள்ளைச் சேலையைக் கோடியாகப் போட்டார். சாயச் சேலைகளை எல்லாம் கொடுத்தாயிற்று. வைகாசியில் மகன் மதுரை மில்லில் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டான். விளாங்குடி வீட்டில் இப்போது அவளும் இரண்டு மாடுகளும்தான்.

கொழுந்தன் விருமாண்டி போன வாரம் சொன்னான்: “வெள்ளிக்கிழமைக்குள்ள கொல்லை நனையலேன்னா மாட்டை நான் ஓட்டிட்டுப் போறேன் மதினி. வெள்ளாமையையும் நானே பாத்துக்கிறேன். நீங்க எங்க வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருங்க.”

அன்பாகத்தான் சொன்னான். அந்த வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடும் இருளாயி அத்தையை, தாலி அறுத்தவளை, அன்னக்கொடி பதினெட்டு வருஷமாகப் பார்த்து வருகிறாள்.

இன்று வெள்ளி. மிளகாய்ச் செடிகள் தலை தொங்கி நின்றன.

ராக்கம்மாள் வந்து கயிற்றை வாங்கினாள். அதட்டக்கூட இல்லை. மாடுகள் பின்னால் நடந்து மேடேறின. சால் தண்ணீரில் இறங்கும் சத்தம் கேட்டது.

“உன் சேலைடி,” என்றாள் ராக்கம்மாள். “வெள்ளையா பின்னாடி என்னமோ பறக்குதுன்னு மெரளுதுக. என்னுதைத் தரவா?”

“வேணாம். உன்னையும் சேத்துப் பேசுவாக.”

வீட்டுக்குப் போனாள். அங்கே விதை மிளகாயைப் பழைய சிவப்புக் கண்டாங்கிச் சேலை ஒன்றில் மூட்டையாகக் கட்டி வைத்திருந்தாள். அதனால்தான் அது தப்பியிருந்தது. மிளகாயைப் பானையில் கொட்டிவிட்டு அதை உதறிக் கட்டினாள். கட்டும்போது எதுவும் தோன்றவில்லை. தும்மல்தான் வந்தது. இடுப்பு எரிந்தது.

கிணற்றடிக்குத் திரும்பிக் கயிற்றைப் பிடித்தாள். மாடுகள் ஒருமுறை காதை ஆட்டின. பிறகு வந்தன. மாடுகள் சரிவில் இறங்கும்போது வடத்தில் உட்கார்ந்தாள்; ஏறும்போது கூடவே நடந்தாள். ராக்கம்மாள் மடை மாற்றிவிட்டாள்.

சாயங்காலம் மில் சங்கு ஊதும் நேரத்துக்கு விருமாண்டி வந்தான்.

“மதினி, என்ன இது?”

“மாடு மெரளுது தம்பி.”

“அண்ணன் போயி நாலு மாசம்தான் ஆச்சு. ஊர்ல என்ன பேசுவாக?”

“கமலையில மட்டும்தான் கட்டுறேன். வீட்டுக்குப் போனா வெள்ளைதான்.”

“கேக்குறவுகளுக்கு நான் என்னன்னு சொல்ல?”

“மாட்டைக் கேக்கச் சொல்லு,” என்றாள் ராக்கம்மாள் மடையிலிருந்து.

அவன் அவளை முறைத்தான். கடைசிப் பாத்திக்குள் தண்ணீர் அப்போதுதான் நுழைந்துகொண்டிருந்தது. வரப்பில் இறங்கிக் கால் விரலால் மண்ணை அழுத்திப் பார்த்தான். விரல் புதைந்தது. மாட்டுக் கயிற்றைத் தொடவில்லை.

“வாரேன் மதினி,” என்று போய்விட்டான்.

மறுநாள் சனிக்கிழமை. அன்னக்கொடியால் கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. வெள்ளையைக் கட்டிக்கொண்டு மாடுகளுக்கு வைக்கோல் போட்டாள். குடிதண்ணீர்க் கிணற்றில் இரண்டு பெண்கள் இவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். மாட்டை ஓட்டிப் போக விருமாண்டி வரவில்லை. மத்தியானம் பழைய சோறு சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் தூங்கினாள். சாயங்காலம் கொல்லைக்குப் போய்ப் பார்த்தாள். செடிகள் நிமிர்ந்திருந்தன; ஓரத்தில் நாலைந்து பட்டுப்போயிருந்தன. அவற்றைப் பிடுங்கிப் போட்டாள். செவ்வாய்க்கிழமை மறுபடியும் தண்ணீர் பாய்ச்ச வேண்டும்.