ஸ்டெல்லா எங்களைக் கடலுக்கு அழைத்துப்போனாள்

சென்ற வாரம் காலையில் ஸ்டெல்லாவின் மகள் போன் செய்தாள். "சின்னம்மா, அம்மா போயிட்டாங்க" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மலேசியாவில், கெர்லிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவளும் நானும் அடுத்தடுத்த நிரையில் பால் இறக்க மரம் வெட்டியவர்கள். அவளை அறிந்த உங்களோடு எண்பதுகளின் ஒரு ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

ஆண்டுதோறும் ஆண்கள் பந்து விளையாடப் போகத் தோட்டம் லோரி கொடுக்கும். பெண்களுக்குக் கொடுத்ததில்லை. ஸ்டெல்லா நேரே தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் போனாள்.

"ஐயா, நாங்களும் கடல் பாக்கணும். லோரி வேணும்."

"ஏதாச்சும் வம்பு வந்துச்சு, அதுதான் கடைசி" என்று எச்சரித்து லோரியைக் கொடுத்த கிராணி, காவலுக்கு எங்களை மேய்க்கும் மேஸ்திரியான மண்டோரையும் ஏற்றிவிட்டார்.

கோலசிலாங்கூரைத் தாண்டி ஒரு கம்பத்தில், மலாய் மீனவர் கிராமத்தில், இறங்கினோம். அலையாத்தி மரங்களுக்கு இடையே கொக்குகள் நின்றன. சேற்றில் குட்டி மீன்கள் தவளை மாதிரி தத்தின. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாங்களும் சேற்றில் ஓடினோம். அன்று கம்பத்தில் பெண்களுக்குச் சம்பான் என்கிற சின்னப் படகுப் போட்டி. வெளியூர்க்காரர்களும் சேரலாம் என்றார்கள். ஸ்டெல்லா எங்கள் நால்வர் பெயரையும் கொடுத்துவிட்டாள்.

மண்டோர் பதறினார். "ஒருத்திக்கும் நீச்சல் தெரியாது. கவுந்தா நான்தானே பதில் சொல்லணும்?"

"இடுப்பளவு தண்ணிதான் மண்டோரே. கவுந்தா நனைவோம், அவ்வளவுதான் லா."

பழகிப் பார்த்தபோது சம்பான் நின்ற இடத்திலேயே சுற்றியது. ஆளுக்கொரு பக்கம் துடுப்புப் போட்டோம். கரையில் ஒரே சிரிப்பு. ஸ்டெல்லா சற்று யோசித்துவிட்டு, வேலைக்கு ஆள் எண்ணும் காலைப் பெரட்டில் மண்டோர் பெயர் கூப்பிடுவது போலக் கத்தினாள்: "முனியம்மா! சரோஜா! லெட்சுமி! ஸ்டெல்லா!" ஒரு பெயருக்கு ஒரு துடுப்பு, நால்வரும் சேர்ந்து. சம்பான் நேராக ஓடியது.

போட்டியில் கம்பத்துப் பெண்களை நெருங்கிவிட்ட நேரத்தில் என் துடுப்பு கைநழுவித் தண்ணீரில் போய்விட்டது. "போச்சுடி!" என்று அலறினேன். "என்ன போச்சு? இந்தா, பிடி!" பின்னாலிருந்து ஸ்டெல்லா தன் துடுப்பை என் மடியில் தள்ளினாள். தண்ணீர் இறைக்க வைத்திருந்த தகர டின்னை எடுத்து அதனாலேயே வலித்தாள். பெயர் கூப்பிடுவதை மட்டும் நிறுத்தவில்லை. சம்பானின் மூக்களவு வித்தியாசத்தில் ஜெயித்தோம்!

திரும்பிப் பார்த்தால் மண்டோர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் முழங்கால் சேற்றில் குதித்துக்கொண்டிருந்தார். "நம்ம தோட்டம்! நம்ம தோட்டம்!" பரிசாகக் கிடைத்த ஒரு கூடை நண்டைக் கம்பத்துப் பெண்களே கரையில் சமைத்தார்கள். தோற்றவர்களும் ஜெயித்தவர்களும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அடுத்த வருடம் நாங்கள் கேட்பதற்கு முன்பே கிராணி, "எந்த ஞாயிறு?" என்றார்.

அந்த இரண்டாம் பயணத்தில் ஸ்டெல்லா என்னைத் தண்ணீருக்குள் இழுத்துப்போனாள். வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, "காலை அடிடி, விடமாட்டேன்" என்று விரட்டிக்கொண்டே இருந்தாள். வெயில் இறங்கும்போது அவள் கையை விட்டிருந்தாள். நான் மிதந்துகொண்டிருந்தேன்.

"ஸ்டெல்லா, நீந்துறேன்டி!"

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். சரி, வா. இப்ப எனக்குச் சொல்லிக்குடு."

அவளிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த நீச்சல். இந்த வயதிலும் நீந்துகிறேன்.