ஐஸ் கரைவதற்குள் வேளச்சேரி

நேற்று மேடவாக்கம் சிக்னலில் மாட்டிக்கொண்டு நின்றபோது, காருக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டர். பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய தெர்மாகோல் பெட்டி. அதன் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கினேன். மீன் வாசம். அவ்வளவுதான், உட்கார முடியவில்லை. கரைகிறதே, சீக்கிரம் போகக்கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. கை தானாக ஹாரனுக்குப் போய்விட்டது. பக்கத்திலிருந்த கணவர், "ரெட்ல இருக்கு, யாருக்கு அடிக்கற?" என்றார். அவரிடம் சொல்ல நேரமில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நான் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த முதல் வருடம் அது. தங்கியது சேலையூரில் ஒரு மாடி அறை. படித்த இடம் வேளச்சேரி தாண்டி. வழியில் ஐந்து இடங்களில் தண்ணீர் எடுத்து, அதில் என்னென்ன பாக்டீரியா இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. சேலையூர் ஏரி, ராஜகீழ்ப்பாக்கம் ஏரி, செம்பாக்கம் ஏரி, வேங்கைவாசல் பக்கம் பெயரில்லாத ஒரு குட்டை, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். எல்லாமே நான் போகிற வழியை ஒட்டி இருந்ததால்தான் எங்கள் பேராசிரியர் இந்தத் தலைப்பை என் தலையில் கட்டினார் என்று எனக்கு இன்னமும் சந்தேகம் உண்டு. அவரை நாங்கள் 'சார்' என்று மட்டும்தான் சொல்வோம்.

முதல் நாள் பஸ்ஸில் போனேன். பையில் பச்சை நிறத் தண்ணீர் பாட்டில்களைப் பார்த்த கண்டக்டர், "இன்னாமா இது? யார் மேலயாவது ஊத்திகினா நான்ல பதில் சொல்லணும்? எறங்கு, எறங்கு" என்று நடுவழியில் இறக்கிவிட்டார். அடுத்த வாரமே ஒரு பழைய சைக்கிள் வாங்கிவிட்டேன். முன்னால் கூடை, கேரியரில் பாட்டில் பெட்டி.

எனக்கு இயல்பிலேயே பொறுமை கிடையாது. சைக்கிளில் ஏறியதும் அது இன்னும் மோசமானது. ஷேர் ஆட்டோ நின்றால் எரிச்சல், தண்ணீர் லாரி வழிவிடாவிட்டால் எரிச்சல், ஏரிக்கரையில் யாராவது "இன்னா எடுக்கறம்மா?" என்று விசாரித்தால் அதைவிட எரிச்சல். காரணம் உண்டு. எடுத்த தண்ணீரைக் குளிர்ச்சி குறையாமல் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். என் அறையில் ஃப்ரிட்ஜ் இல்லை. ஆய்வக ஐஸோ சாலையின் மறுகோடியில் இருந்தது. ஐஸுக்கு எங்கே போவது?

சேலையூர் கேம்ப் ரோடு முனையில் மீன் விற்ற தேவகி அக்காதான் கைகொடுத்தார். "இன்னா கண்ணு, மீனு வேணாம், ஐஸு மட்டும் போதுமா? எந்த வூட்ல இப்டி சமைக்கறாங்க?" என்று சிரித்துவிட்டு, சங்கராவையும் வஞ்சிரத்தையும் ஒதுக்கி, அடியிலிருந்து இரண்டு கை ஐஸை அள்ளிப் போடுவார். காசு வாங்கமாட்டார். எனக்கு ஒரே பெருமை. என் கூடப் படித்தவர்கள் எல்லாவற்றுக்கும் மனு எழுதிக் காத்துக்கிடக்க, நான் தெருவிலேயே காரியத்தை முடித்துக்கொண்டேன் அல்லவா! ஐஸ் வெளியே இருக்கிறது, தண்ணீர் பாட்டிலுக்குள் இருக்கிறது. அப்புறம் என்ன?

மூன்றாவது மாதம் ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்க்கிற தட்டுகளில் மஞ்சள் மஞ்சளாக எதுவோ வளர்ந்தது. சோதித்துப் பார்த்தால், கடலில் வாழ்கிற பாக்டீரியா. ஏரியில்! அதுவும் ஐந்து இடத்திலும்! சார் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். சதுப்பு நிலம் வழியாகக் கடல் இவ்வளவு தூரம் உள்ளே வருகிறதோ என்று வரைபடத்தை மேசையில் விரித்தார். கோடையில் அவை திடீரென்று காணாமல் போயின. அதற்கும் ஒரு விளக்கம் கிடைத்தது: பருவ மாற்றம். நான் அழகாக ஒரு கோடு வரைந்தேன், சித்திரையில் சரிந்து விழுகிற கோடு. ஜூலையில் ஆய்வுக்குழு கூடும்போது அதைத்தான் முதல் படமாகக் காட்டுவது என்று முடிவானது. என் பதிவு உறுதியாவதும் உதவித்தொகை தொடர்வதும் அந்தக் கூட்டத்தின் கையில் இருந்தது.

ஜூன் பாதியில் ஒரு காலை. இரண்டு மாதமாகக் காணாத தேவகி அக்கா மறுபடி கடை போட்டிருந்தார். "எங்கக்கா போயிட்டீங்க? ஜூஸ் கடைல ஐஸ் கெஞ்சி வாங்கிட்டு இருந்தேன்" என்றேன்.

"தடைக்காலம் கண்ணு. போட்டு கடலுக்கு போவல, மீனு வரல, வூட்லயே குந்திகினு இருந்தேன். இப்ப பாரு, பொட்டி நெறைய கீது" என்று மீனை ஒதுக்கி ஐஸை அள்ளிப் போட்டார்.

வழக்கம்போல ஓட்டினேன். சந்தோஷபுரம் வந்தபோது கால் தானாக நின்றுவிட்டது. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது ஏப்ரல் பாதியில். என் கோடு சரிந்ததும் ஏப்ரல் பாதியில். நான் கண்டுபிடித்தது கடல் உள்ளே வருவதை அல்ல, காசிமேடு துறைமுகத்து மீன் கேம்ப் ரோட்டுக்கு வருவதை. மீனோடு கிடந்த ஐஸ் உருகிய தண்ணீரில் பாட்டில் மூடி வரை முங்கியிருக்கும். திறக்கும்போது அது உள்ளே போகாமல் வேறெங்கே போகும்? பின்னால் வந்த வேன்காரர் திட்டினார். திட்டட்டும் என்று நடுரோட்டில் நின்றேன்.

சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சத்தியமாக அப்படி நினைத்தேன். இரண்டு நாள் நினைத்தேன். மூன்றாம் நாள் சார் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, மீன் கடையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். சார் நான் வரைந்த அந்தக் கோட்டில் ஏப்ரலைத் தேடி விரல் வைத்தார்.

"தடைக்கால டேட்டாவையாவது வச்சுக்கலாமா சார்?"

"ஜூஸ் கடை ஐஸை யார் டெஸ்ட் பண்ணாங்க?"

நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "எல்லாத்தையும் அடிச்சிடு. ஃபிரஷ்ஷா எடு. கமிட்டி கிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை. நோட்டில் பக்கம் பக்கமாகக் குறுக்குக்கோடு போட்டேன், ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்துப் போட்டார். தட்டுகளை நானே கிருமி கொல்லும் நீராவிக் கலனில் வைத்து அழித்தேன். குழு எனக்கு இன்னும் ஆறு மாதம் கொடுத்தது. பிழைத்தேன் என்று அன்று மதியம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

முறையான குளிர்பெட்டி வர மூன்று வாரம் ஆனது. முந்தின மாலையே அதில் ஆய்வக ஐஸை நிரப்பி, கேரியரில் கட்டிக்கொண்டு புதிதாகக் கிளம்பினேன். சேலையூர் முடிந்தது, ராஜகீழ்ப்பாக்கம் முடிந்தது, செம்பாக்கமும் முடிந்தது. வேங்கைவாசலில் திரும்பியதும் வழி தவறிவிட்டோமோ என்று நினைத்தேன். குட்டை இருந்த இடத்தில் செங்கல் உடைசலும் செம்மண்ணும் ரோடு மட்டத்துக்கு நிரவிக் கிடந்தன. மண் கொட்டிய லாரி ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. டிரைவரிடம், "அண்ணா, இங்க ஒரு குட்டை இருந்துச்சே?" என்று கேட்டேன். "பிளாட் போடறாங்கம்மா. ஓரமா நில்லு" என்றார்.

என் ஆய்வேட்டில் நான்கு இடங்கள்தான். பட்டம் வந்தது, வேலை வந்தது, மேடவாக்கத்துக்கு மேலே பாலமும் வந்தது. குட்டை இருந்த இடத்தில் இப்போது ஐந்து மாடி வீடுகள். அந்தத் தண்ணீர் எந்த மாதம் எப்படி இருந்தது என்று எழுதி வைத்தவள் நான் ஒருத்திதான். அத்தனை பக்கத்தையும் அடித்தவளும் நான்தான். அடித்தது சரி, இன்று கேட்டாலும் அடிப்பேன். ஆனால் அங்கே தண்ணீர் இருந்தது என்று அந்த வீட்டுக்காரர்களிடம் சொல்ல, குறுக்குக்கோடு விழாத தாள் ஒன்றுகூட என்னிடம் இல்லை.