ஆத்தூர் வயலில் சந்தனம் பூசிய ட்ரோன்

பொங்கல் முடிந்த இரண்டாவது வாரம் தூத்துக்குடியில் ஒரு கல்யாணம். ஞாயிறோடு விருந்து முடிந்துவிட்டது, எனக்கு மதுரைக்குத் திரும்ப செவ்வாய் இரவுதான் ரயில். மக்ரூன் வாங்கியாச்சு, கடற்கரையில் காற்றும் வாங்கியாச்சு. வெற்றிலைப் பைத்தியமான நான் ஆத்தூர் கொடிக்காலைப் பார்க்காமல் ஊர் திரும்புவதா? கல்யாண வீட்டுக்கு வெற்றிலை கொடுத்த செல்லக்கனி அக்காவே வரச் சொல்லியிருந்தார்.

திங்கள் காலை ஆறரைக்குத் திருச்செந்தூர் பேருந்து. தெற்கே இருபத்தைந்து கிலோமீட்டர், முப்பது ரூபாய் கொடுத்தால் சில்லறை திரும்பி வரும். ஜன்னலோரம் பிடித்துக்கொள்ளுங்கள். பழையகாயல் வரை உப்பளம் கண்ணைக் கூசவைக்கும், முக்காணி பாலத்தில் தாமிரபரணியைத் தாண்டினால் வாழையும் நெல்லுமாகப் பச்சை.

அக்காவின் கொடிக்காலுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அகத்தி மரங்களில் கொடி ஏறி உள்ளே ஜிலுஜிலுவென்று இருக்கிறது. "புதன்கிழமை இலை கிள்ளணும்" என்றார். அப்போது கிழக்கே பார்த்தால், அடுத்த நெல் வயலில் ஒரு பூஜை, மேளம் மட்டும்தான் இல்லை, மற்ற எல்லா ஏற்பாடும் நடந்துகொண்டிருந்தது.

வயல்காரர் சுடலைமுத்து அண்ணாச்சி. பயிரில் இலைச்சுருட்டுப் புழு விழுந்துவிட்டதால் மருந்தடிக்க முதன்முறையாக ட்ரோனை வரவழைத்திருந்தார். ஓட்ட வந்தவள் ஜெனிட்டா, புன்னைக்காயல் கடலோரப் பெண். தன் ஊர்ப் பெண்கள் நாலு பேரோடு சேர்ந்து இந்தத் தொழிலில் இறங்கியிருக்கிறாள். ஆத்தூர் பக்கம் அவளுக்கு இதுதான் முதல் வேலை. இது நல்லபடியாக முடிந்தால் சுற்றுவட்டாரத்து வயல்களும் கிடைக்கும்.

காலையில் காற்று அசங்கவே இல்லை. உடனே ஆரம்பிக்க வேண்டியதுதானே? ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலமாம். அது கழிந்ததும் தேங்காய் உடைத்து, சாமந்தி மாலை போட்டு, ட்ரோனின் நெற்றி என்று அண்ணாச்சி நினைத்த இடத்தில் சந்தனத்தை அப்பி, குங்குமமும் வைத்தார். அது நெற்றி இல்லை, கேமரா! மிஷின் கிளம்பமாட்டேன் என்று கத்தியது. கழுத்துச் சிலுவையை ஒருமுறை தொட்டுக்கொண்டு ஜெனிட்டா பஞ்சால் துடைக்க உட்கார்ந்தாள். எனக்கானால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

துடைத்து முடிக்கும்போது மணி பத்து. கடல் காற்று எழுந்து நெற்பயிரெல்லாம் கொடிக்கால் பக்கம் சாய்ந்தது. என் சிரிப்பு அப்போதே போய்விட்டது.

"இன்னைக்கு முடியாது அண்ணாச்சி. இப்ப அடிச்சா மருந்து பூரா அக்கா வெத்தலையிலதான் விழும். வாயில போடுத சாமான்."

"யம்மா, ஒனக்காகப் புழு ஒரு நாள் பட்டினி கிடக்குமா?"

"விடிஞ்சதும் வாரேன், அண்ணாச்சி."

"வேண்டாம். நான் வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

அவள் முகம் வாடிப்போனது. ஆனாலும் மிஷினை மடக்கி வண்டியில் ஏற்றினாள். செல்லக்கனி அக்காவுக்காகப் பேசப் போய் அந்தப் பெண்ணுக்கு வேலை போயிற்றே!

பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் அண்ணாச்சி மறுபடி அகப்பட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது, அவள் சொன்னதில் என்ன தப்பு என்று கேட்டேவிட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"நடவுக்கு மிஷின் வந்துட்டு, அறுப்புக்கும் வந்துட்டு. மருந்து டேங்க் ஒண்ணுதான் இன்னும் எம் முதுகுல கிடக்கு. அடிச்ச அன்னைக்குக் கண்ணு எரியும், சோறு இறங்காது. என் உடம்பையே பாக்கல, அடுத்தவன் இலையவா பாத்தேன்?" டீயைக் குடித்து முடித்தார். "வேல போனாலும் போவட்டும்னு நின்னுட்டாளே அந்தப் பிள்ள." அங்கேயே செல்போனை எடுத்து அவளையே காலையில் வரச் சொல்லிவிட்டார்.

நான் விடுவேனா! செவ்வாய் காலை முதல் பேருந்திலேயே போய் நின்றேன். கொடிக்கால் பக்கத்து வரப்பில் ஒரு கம்பு, அதில் அண்ணாச்சியின் பழைய துண்டிலிருந்து கிழித்த துணி. அது ஆடுகிறதா என்று அவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை ஆயிற்றே என்று யாரோ இழுத்தார்கள்.

"சாமி நேத்தே கும்பிட்டாச்சு. ஏளா ஜெனிட்டா, துணி அசங்கல, விடு!"

ட்ரோன் எழும்பி, வயலைக் கோடு போட்டாற்போல் நனைத்துக்கொண்டே போனது. அண்ணாச்சி வெறும் முதுகோடு வரப்பில் நின்று அதைப் பார்த்தார். சந்தோஷத்தில் என் கண் கலங்கிவிட்டது, சொல்ல என்ன வெட்கம்.

போகிறவர்களுக்கு: வெயில் ஏறும் முன் போய்ச் சேருங்கள், குடிநீர் கொண்டுபோங்கள். மருந்தடிக்கும் வயலுக்குப் பக்கத்தில் போகாதீர்கள், தள்ளி நின்றே பாருங்கள். கொடிக்காலுக்குள் கேட்காமல் நுழையாதீர்கள். விவசாயம் அவ்வளவுதான், முடிந்தது என்று ஊரில் நானும் பேசித் திரிந்தவள். இனி பேசமாட்டேன்.

கிளம்பும்போது பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேர் ஜெனிட்டாவின் நம்பர் கேட்டு வந்தார்கள். அவள் வாய் திறக்குமுன் அண்ணாச்சியே முந்திக்கொண்டார்:

"விடியக்காலம் கூப்பிடுங்க. மாலை வேணும்னா போடுங்க, சந்தனத்த மட்டும் அது கண்ணுல அப்பிராதிய."