குழாயில் பால் வந்த தோட்டம்

1. திறப்பு விழாவுக்கு மறுநாள்

நோர்வூட்டுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் புதிய குடிநீர்த் திட்டத்தைத் திறந்து வைத்த மறுநாள் காலை, அங்கிருந்து முருகையா போன் செய்தார். அவர் தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவர். நான் அப்போது அந்தப் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். சனங்கள் சுருக்கமாக பி.எச்.ஐ. ஐயா என்பார்கள்.

"ஐயா, ஒடனே வாங்க. கொழாயத் தொறந்தா பாலு வருது."

"என்ன பாலு தலைவரே?"

"நெசப் பாலு இல்லீங்க. தண்ணிதான். ஆனா பாலு மாதிரி வெள்ளையா வருது. ஒருத்தரும் வேலைக்குப் போகல. வாளியோட நிக்கிறாங்க."

முந்தின நாள் விழாவுக்கு நானும் போயிருந்தேன். பொன்னாடைகள், மாலைகள், தவில், நாதஸ்வரம் எல்லாம் இருந்தன. பெயர்கள் பொறித்த கல் ஒன்றையும் திறந்தார்கள். குழாயைத் திறந்து வைத்த பிரமுகர் அந்தத் தண்ணீரில் கை கழுவினார். பிறகு மேடையில் உட்கார்ந்து கடைப் போத்தல் தண்ணீரைக் குடித்தபடி, சுத்தமான குழாய் நீரின் பெருமையைப் பேசினார். யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. எனக்கும்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் கூட்டம் நின்றது. அதற்குள் காரணங்களும் தயாராகியிருந்தன. தொட்டிக்குப் பூசிய சுண்ணாம்பு கரைகிறது என்றார் ஒருவர். எதிர்ச் சங்கத்துக்காரர்கள் எதையோ கலந்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர். ஒரு பெண் மட்டும் குரலைத் தாழ்த்தி, "புள்ள பொறக்காம இருக்க மருந்து போட்டிருக்காங்களோ என்னமோ" என்றாள். மற்றக் காரணங்களுக்குச் சிரித்த நான் இதற்குச் சிரிக்கவில்லை. எங்கள் மலையில் தோட்டத்துப் பெண்களுக்குச் சரியாகக் கேட்காமலே கருத்தடை செய்த காலம் ஒன்று இருந்தது.

நிறமில்லாத ஒரு கண்ணாடிக் கிளாஸ் கேட்டேன். செல்வராணி என்ற தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தாள். குழாய் நீரை அதில் பிடித்து மதிலில் வைத்து, எல்லோரையும் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் கிளாஸின் அடிப்பக்கம் தெளிந்தது. தெளிவு மெல்ல மேலே ஏறி, கடைசியில் தண்ணீர் முழுவதும் தெளிந்துவிட்டது. அடியில் மண்டி எதுவும் இல்லை.

"இது காத்து" என்றேன். "மேல தொட்டிலேருந்து செங்குத்தா பைப் எறங்குது. தண்ணியோட காத்தும் உள்ள போய் பிரஷர்ல அமுங்கிருது. கொழாய்ல வெளிய வந்ததும் சின்னச் சின்னக் குமிழாயிருது. அதுதான் வெள்ளையாத் தெரியுது. இதனால ஒண்ணும் ஆகாது."

கண்ணுக்குத் தெரிவதை மட்டும் நம்பக் கூடாது என்பதால், பெட்டியில் இருந்த மருந்தைப் போட்டு குளோரினும் பார்த்தேன். தண்ணீர் ரோஸ் நிறமானது. குளோரின் அளவாக இருந்தது. லேப்புக்கு ஒரு சாம்பிளும் எடுத்துக்கொண்டேன்.

செல்வராணி கிளாஸைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "கிளாசுல வச்சா தெளியுது. எங்க வயித்துல போய்த் தெளியுமாங்க?"

கூட்டம் சிரித்தது. நான் அதே கிளாஸ் தண்ணீரைக் குடித்துக் காட்டினேன். முருகையா மதில் மேல் ஏறினார்.

"பாத்தீங்களா? நம்ம சங்கம் ஒரு போன் போட்டிச்சு. ஐயா வந்து தண்ணியச் சுத்தம் பண்ணிட்டாரு!"

நான் எதையும் சுத்தம் பண்ணவில்லை என்று சொன்னேன். கைதட்டலில் அது கேட்கவில்லை.

2. காற்றைப் பற்றிய கூட்டம்

அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஒரு பிளம்பர் தொட்டி வாயைச் சரிசெய்து, பைப்பில் காற்றை வெளியேற்றும் எயார் வால்வ் ஒன்றைப் பொருத்தினால் வெள்ளை போய்விடும். ஆனால் தோட்டத்து ஆபீசில் கூட்டம் போட்டார்கள்.

தோட்ட நிர்வாகியான தொரை நல்ல மனிதர். சிங்களவர், தோட்டத் தமிழ் பேசுவார்; ஐயா என்பதை மட்டும் மாத்தயா என்பார். "பி.எச்.ஐ. மாத்தயா, தண்ணி நல்லதுன்னு நீங்க சொல்றது. ஆனா பாக்க நல்லா இல்ல தானே?" என்றார். எதிர்ச் சங்கத்துக்காரர் காற்று கலந்த தண்ணீரைத் தொழிலாளருக்குக் கொடுப்பது அநீதி என்றார். அப்படியானால் காற்றைக் கலந்தவர் யார் என்று முருகையா மேசையில் தட்டினார். விசாரிக்க ஒரு குழு அமைத்தார்கள். குழு முடிவு சொல்லும்வரை குழாயைப் பூட்டி வைப்பதென்றும் தீர்மானித்தார்கள். நான் வேண்டாம் என்றேன். என் எதிர்ப்பை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு பூட்டிவிட்டார்கள்.

சனங்கள் பழையபடி பீலிக்குப் போனார்கள். மலை ஊற்றிலிருந்து ஒரு குழாய்த் துண்டு வழியாகத் தண்ணீர் விழுகிற இடம்தான் பீலி. "அது கண்ணாடிங்க. அடியில கெடக்குற கல்லு கூட தெரியும்" என்று பெருமையாகச் சொன்னார்கள். உண்மைதான். தெரிந்தது.

காய்ச்சிக் குடியுங்கள் என்று லயம் லயமாகச் சொல்லிப் பார்த்தேன். "அழுக்குத் தண்ணியத்தான காய்ச்சணும்?" என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். மழைக் காலம். விறகு ஈரம். அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை.

3. கவிதா

குழு இரண்டாவது தடவை கூடுவதற்கு முன்பே பிள்ளைகளுக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. செல்வராணியின் மகள் கவிதா முதலாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது கண் உள்ளே போயிருந்தது. தண்ணீர் கேட்கக்கூடத் தெம்பில்லை. நான் வார்டுக்குப் போனபோது சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. செல்வராணி கட்டிலோரம் நின்றாள்.

"நீங்க குடிச்சுக் காட்டின தண்ணியாலதாங்க இது" என்றாள்.

"புள்ளைக்கு அந்தக் கொழாய்த் தண்ணி குடுத்தீங்களா?"

"ஐயோ, அந்தத் தண்ணிய எப்படிங்க குடுப்பேன்? ஒரு சொட்டு குடுக்கல. பீலித் தண்ணிதான்."

சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள்.

லேப் முடிவு வந்தது. குழாய் நீரில் கிருமி இல்லை. அதற்குள் எடுத்து அனுப்பியிருந்த பீலி நீரில் மலக்கிருமி நிறைய இருந்தது. அதைக் கூட்டத்தில் சொன்னேன். குழுவிலிருந்த ஒருவர், சாம்பிள் போத்தல்கள் மாறியிருக்கலாம் என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். வெள்ளைத் தண்ணீர் நல்லது, பளிங்குத் தண்ணீர் கெட்டது என்றால் யார்தான் நம்புவார்கள்?

பீலிக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று ஏறிப் பார்த்தேன். பழைய தொரை பங்களா இருந்தது. அதை உல்லாசப் பயணிகள் தங்கும் இடமாக மாற்றி, புதிதாக அறைகளும் குளியலறைகளும் கட்டியிருந்தார்கள். கழிவுக் குழி தேயிலைக்குள் மறைந்திருந்தது.

"அங்க வெள்ளைக்காரங்க தங்குறாங்க மாத்தயா. ரொம்ப கிளீன்" என்றார் தொரை.

4. பச்சை

எங்கள் சுகாதார வைத்திய அதிகாரி ஒரு சிங்கள அம்மா. அதிகம் பேச மாட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "டை போட்டுப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னார். அது கெடுதல் இல்லாத சாயம். சந்தேகமான குழியில் ஊற்றினால், கழிவு கசிந்து போகிற இடமெல்லாம் பளிச்சென்ற பச்சை காட்டும். அன்று பீலித் தண்ணீரை எடுக்க வேண்டாம் என்று லயங்களில் சொல்லிவைத்துவிட்டு, தொரையைப் பக்கத்தில் நிறுத்தி, பங்களாவின் கழிப்பறைகளில் சாயத்தை ஊற்றித் தண்ணீர் இழுத்துவிட்டோம். பிறகு எல்லோரும் பீலிக்கு இறங்கிக் காத்திருந்தோம். மழை தூறிக்கொண்டே இருந்தது.

பின்னேரம் ஆனது. ஒன்றும் நடக்கவில்லை. குழுவினர் வாட்சைப் பார்த்தார்கள். கவிதாவுக்குச் சுகமாகி, ஆஸ்பத்திரியிலிருந்து அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு செல்வராணி வந்து சேர்ந்தாள். அந்த நேரத்தில்தான் பீலித் தண்ணீரில் பச்சை இழையோடியது. இழை தடித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கண்ணாடித் தண்ணீர் முழுக்கப் பச்சையாகக் கொட்டியது. மேலே பங்களா முற்றத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஆசையாக அதைப் படம் எடுத்தார்கள்.

செல்வராணி முன்னுக்கு வந்தாள்.

"தொரை, இது என்னங்க?"

"அது சும்மா கலர். ஒண்ணும் செய்யாது."

"கலரு எங்கருந்து வருது?"

தொரை மேலே பங்களாவைப் பார்த்தார். முருகையாதான் மெதுவாகச் சொன்னார்: "பங்களா கக்கூசுலருந்து."

"அப்ப கலரு ஊத்தாத நாள்ல என்ன வந்திச்சு?"

குழு அதற்குப் பிறகு கூடவேயில்லை.

பங்களாவைக் கொஞ்ச காலம் மூடி, கழிவுக் குழியை மறுபக்கச் சரிவுக்கு மாற்றினார்கள். பிளம்பர் வந்து அரை நாளில் எயார் வால்வைப் பொருத்தினார். பூட்டைத் திறந்தார்கள். இதற்கும் விழா வைக்க வேண்டும் என்று ஒரு யோசனை வந்தது. முருகையாவே வேண்டாம் என்று தடுத்துவிட்டார். அவரைப் பற்றி நான் மனதார நல்லது சொல்வதற்கு இந்த ஒன்றே போதும்.

இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு: குழாய் நீர் வெண்மையாக வந்தால் கண்ணாடிக் கிளாஸில் பிடித்து வையுங்கள். அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் காற்று. பயமில்லை. மண்டி கீழே படிந்தாலோ, கலங்கல் அப்படியே நின்றாலோ, நிறமோ வாடையோ இருந்தாலோ குடிக்க விடாதீர்கள். காரணத்தைத் தேடுங்கள். மண் கலங்கிய தண்ணீரில் குளோரினும் சரியாக வேலை செய்யாது. இவை எல்லாம் பாடத்தில் இருக்கின்றன.

பாடத்தில் இல்லாததை அந்தத் தோட்டத்தில் படித்தேன். கலங்கல் தண்ணீருக்கு நம்மைக் கூப்பிடுவார்கள். தெளிந்த தண்ணீருக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். அங்கே நாமாகத்தான் போக வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும், யாராவது தங்கள் ஊற்றுத் தண்ணீர் பளிங்கு மாதிரி என்று பெருமைப்பட்டால், நான் தண்ணீரைப் பார்ப்பதில்லை. அதற்கு மேலே மலையில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.