மூன்றடிச் சுவருக்குள் ஒரு பத்திரிகை அறை

தேவதர்ஷினி கடலை இரண்டே முறை பார்த்திருந்தாள். இரண்டும் பள்ளிச் சுற்றுலா. இரண்டு முறையும் பேருந்தில் வாந்தியெடுத்த களைப்பில். அப்படிப்பட்டவளிடம்தான் ஓர் அமைதியான துறைமுகக் குடாவின் வரலாற்றைத் தமிழாக்கும் வேலை வந்து சேர்ந்தது.

எட்டாவது வரை மலைமேல் சொந்த ஊரான கரியாலூரில் தமிழிலும், பிறகு கள்ளக்குறிச்சியில் ஆங்கிலத்திலும் படித்தவள். அவளுக்கு இரண்டு மொழி தெரியும் என்பது ஊரின் நம்பிக்கை. இரண்டிலும் அதிகம் பேசாததால் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

சென்னையில் அறிவிப்புப் பலகை செய்யும் நிறுவனம் ஒன்று ஒரு பக்கம் அனுப்பியிருந்தது. உலகப் போரின்போது ஜப்பான் கப்பல் வருமென்று அந்தக் குடாவில் இரண்டு பீரங்கிகளை நிறுத்திக் காத்திருந்தார்கள். கப்பல் வரவில்லை. பீரங்கியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். இப்போது அங்கே வலை காய்கிறது. தமிழ் சரியாக வந்தால் அவளுக்குத் தொடர்ந்து வேலை. இல்லாவிட்டால் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகும் வேனில் அப்பா ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார்.

அந்தக் குடாவில் 'மேகசின்' என்று ஓர் அறை இருந்ததாம். பத்திரிகை அறை என்று எழுதினாள். சுவர் மூன்றடி கனம். விளக்கை உள்ளே கொண்டுபோகக் கூடாது, ஆணி அடித்த செருப்போடு நுழையக் கூடாது. வாசிப்பை இவ்வளவு மதித்த சிப்பாய்களை நினைத்து அவளுக்குக் கண் கலங்கியது. 'படிப்பவர்களின் அமைதி கெடாதிருக்க' என்று மூலத்தில் இல்லாத ஒரு வரியையும் சேர்த்து அனுப்பினாள்.

ஒரு வாரம் கழித்து, மினிபஸ்ஸுக்குக் காத்திருக்கையில், சித்தப்பா மகள் பூமாலைக்கு அதை வாசித்துக் காட்டினாள்.

"வெளக்கு இல்லாம எப்பிடிடி படிப்பாங்க?"

"பகல்ல படிச்சிருப்பாங்க."

"சன்னல் இருக்குதா?"

தேவதர்ஷினி மூலப் பக்கத்தைப் பார்த்தாள். சன்னல் இல்லை.

"எங்கப்பா நாட்டுத் துப்பாக்கி மருந்த எங்க வெச்சிருந்தாரு? அடுப்புக்கு அந்தாண்ட, தனி மண் கொட்டாயில. எவனாச்சும் பீடியோட போனா வெளக்குமாத்த எடுப்பாரு. அவரு இன்னா, உள்ள குந்திகினு பேப்பரா படிச்சாரு?"

தேவதர்ஷினிக்குக் காது சுட்டது. அந்தக் கொட்டாய் அவள் வீட்டிலிருந்து இருபதடி. அதைத் தெரிந்துகொள்ள அவளுக்குத் தடையாக இருந்தது பட்டப்படிப்பு ஒன்றுதான்.

செய்தி அனுப்பலாம். ஆனால் அதற்குள் பலகை எழுதிவிட்டால்? சிக்னல் கிடைக்கும் வளைவு வரை நடந்து, வேலை கொடுத்த இளஞ்செழியனை முதல்முறையாக அழைத்தாள்.

"சார், ஒரு வார்த்தை தப்பு. பத்திரிகை அறை இல்ல, மருந்து அறை."

"மெடிக்கலாங்க?"

"துப்பாக்கி மருந்து சார். வெடிமருந்து. மேகசின்னா அதுக்கும் பேரு."

"போர்டு எழுதி முடிச்சாச்சேங்க. அந்த எடத்த நானே ரெண்டு தடவ படிச்சேன். நல்லா இருந்துச்சு."

"நல்லாதான் இருந்துச்சு சார். ஆனா அப்பிடி ஒரு ரூம்பு இல்ல."

பத்து நாள் அவளும் திருப்பூர் வேனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினோராம் நாள் வளைவில் நிற்கும்போது இளஞ்செழியனிடமிருந்து பலகையின் படம் வந்தது. கூடவே அடுத்த வேலைக்கான பக்கமும், 'மொதல்ல ஊர்ல யார்கிட்டயாவது படிச்சுக் காட்டிடுங்க' என்ற குறிப்பும்.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். ஒரு சொல்லைச் சுரண்டிவிட்டு, இடம் போதாமல் 'வெடிமருந்து' என்று நெருக்கி எழுதியிருந்தார்கள். அதன் கீழே, அவள் திருத்தச் சொல்ல மறந்த வரி, நல்ல கொட்டை எழுத்தில்: படிப்பவர்களின் அமைதி கெடாதிருக்க.

தேவதர்ஷினி தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் அந்த எண்ணை அழுத்தினாள்.